பின்பக்கம் இரண்டு அங்குலம்

புது பிக்கப் டிரக் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அம்மா கத்தரி நாற்றுத் தட்டோடு பின்பக்கம் போய் நின்றார். பின்கதவான டெயில்கேட்டை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தேன். தட்டை அதன் விளிம்பில் வைத்துவிட்டார், அதில் சிரமமில்லை. அதற்கப்புறம் உள்ளே தள்ள வேண்டுமே, அதற்குக் கை எட்டவில்லை. ஏறி உட்காரலாம் என்று பார்த்தார், அதுவும் ஆகவில்லை. "இதென்ன கண்ணு, மச்சு மேல ஏறுற மாதிரி இருக்குது" என்றார். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். கோபிச்செட்டிப்பாளையத்தில் இன்றைக்கும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்கிறவர், இங்கே கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்தவர். வந்த வாரமே பொதுத் தோட்டத்தில் எங்களுக்கு இருக்கும் பாத்தியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். உரமூட்டை, நாற்று, பந்தல் கழி எல்லாம் ஏற்றத்தான் இந்த டிரக்கே. ஏற்றுகிறவருக்கே எட்டவில்லை என்றால் என்ன செய்வது.

வண்டி ரேம் 1500, நான்கு கதவு, சிறிய பின்தொட்டி, நான்கு சக்கர டிரைவ். ஏர் சஸ்பென்ஷன் இல்லாத, சாதாரண காயில் ஸ்பிரிங், அதாவது சுருள் ஸ்பிரிங், வைத்த மாடல். அன்று சாயங்காலமே டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தரையிலிருந்து முன் ஃபெண்டர் வளைவின் உச்சி 38¼ அங்குலம், பின் வளைவு 40½. அதாவது வண்டி இரண்டேகால் அங்குலம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறது. இறக்கிய டெயில்கேட்டின் விளிம்பு தரையிலிருந்து 35 அங்குலம். அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை டெயில்கேட் பக்கம் வைத்தார், அது தொட்டியின் பள்ளக்கோட்டிலேயே உருண்டு போய் கேபின் சுவரில் முட்டி நின்றது. அந்த இரண்டேகால் அங்குலத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்.

இதைக் குறை என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றே இப்படித்தான் கட்டுகிறார்கள். காலி வண்டியில் பின்பக்கம் தூக்கலாக இருந்தால்தான் பாரம் ஏறியதும் அமுங்கி மட்டத்துக்கு வரும். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றும்போது முன்பாரம் பின்பாரம் பார்ப்போமே, அதே கணக்கு. பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும், டிரக்கில் ஸ்டியரிங் லேசாகி ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். இதைச் சரிபார்க்க அந்த வார இறுதியில் 40 பவுண்டு உரமூட்டை 20 ஏற்றிவிட்டு மறுபடி அளந்தேன். 800 பவுண்டுக்குப் பின்பக்கம் கிட்டத்தட்ட 2 அங்குலம் இறங்கி, வண்டி மட்டமாக நின்றது. கம்பெனிக்காரர்கள் கணக்குப் பிசகவில்லை. ஆனால் நான் 800 பவுண்டு ஏற்றுவது வருடத்தில் ஐந்தாறு தடவை. மீதி நாளெல்லாம் நாற்றுத் தட்டும் பூவாளியும்தான்.

நண்பர்கள் வாட்ஸப் குழுவில் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, முன்பக்கத்தைத் தூக்கு என்று. இங்கே அதுதான் வழக்கம். முன் ஸ்டரட் மேல் இரண்டு அங்குல ஸ்பேசர் வைத்தால் வண்டி மட்டமாகிவிடும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் தொட்டி அதே உயரத்தில்தானே இருக்கும், அம்மாவுக்கு அதனால் என்ன லாபம்? கூடவே முன் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டின் கோணம் மோசமாகும், காற்றும் கூடுதலாக முட்டும். எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. பிக்கப் டிரக் என்பது பொருள் ஏற்றும் வண்டி, பக்கவாட்டில் நின்றபடி தொட்டிக்குள் கைவிட்டு ஒரு மண்வெட்டியை எடுக்க முடிய வேண்டும். முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய டிரக்குகளில் அது முடியும். இன்றைய டிரக்கின் பக்கச்சுவர் சராசரி உயரமுள்ள ஆணுக்கே தோளுக்கு வருகிறது. இன்னும் தூக்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

சரி, பின்பக்கத்தை இறக்குவது என்று முடிவு செய்தேன். இரண்டு அங்குலம் இறக்கி என்ன கிடைக்கப் போகிறது என்று நண்பன் ஒருவன் கேட்டான், அந்தக் கணக்கு எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. வண்டி முன் ஆக்சிலைப் பிடித்துக்கொண்டு சாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் பின் ஆக்சில்களுக்கு நடுவில் உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், சுமார் 145 அங்குலம். பின் ஆக்சிலிலிருந்து டெயில்கேட் சுமார் 45 அங்குலம் பின்னால் இருக்கிறது, கதவை இறக்கினால் அதன் விளிம்பு இன்னும் 20 அங்குலம் தள்ளிப் போகும். ஆக்சிலில் 2 அங்குலம் இறங்கினால் அந்த விளிம்பில் 2.9 அங்குலம் இறங்கும். 35 என்பது 32 ஆகிவிடும். குள்ளமானவர்களுக்கு மூன்று அங்குலம் சின்ன விஷயமில்லை.

பின்பக்க அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிக்கப்புகளில், ஃபோர்டு எஃப்-150, ஷெவ்ரலே சில்வராடோ உட்பட, பின்பக்கம் லாரி மாதிரி பட்டை ஸ்பிரிங்தான். அதில் இறக்க வேண்டுமென்றால் பட்டையின் நுனியை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்க்கும் ஷாக்கிளை மாற்றுவார்கள். நுனியில் இரண்டு அங்குலம் மாற்றினால் ஆக்சிலில் ஒரு அங்குலம்தான் தெரியும், ஆக்சில் பட்டையின் நடுவில் இருப்பதால். அதிகம் இறக்க நினைப்பவர்கள் ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பட்டையை அடியில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள், ஒரே தாவலில் ஐந்தாறு அங்குலம் போய்விடும். ரேமில் 2009 மாடலிலிருந்தே பின்பக்கம் காயில் ஸ்பிரிங். ஐந்து கம்பிகள் ஆக்சிலைப் பிடித்திருக்கும். நான்கு நீளவாக்கில், ஒன்று குறுக்கே. இதில் வேலை சுலபம், ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் குட்டையான ஸ்பிரிங்கைப் போட வேண்டியதுதான்.

இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கேஸ் வெல்டிங் தீயால் அறுத்தால் சூட்டில் எஃகின் வலு போய்விடும். குளிராக அறுத்தாலும் ஸ்பிரிங் இறுக்கமாகும், அதன் நுனி இருக்கையில் சரியாக உட்காராது. 2 அங்குலத்துக்கென்றே செய்த ஸ்பிரிங் ஜோடி 250 டாலர் சுமாருக்குக் கிடைத்தது. புது வண்டியில் அறுக்கும் வேலை எதற்கு.

இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மெக்சிகோ வம்சாவளி, கிழக்கு சான் ஹோசேயில் பிறந்து வளர்ந்தவர். நான் ஸ்பிரிங் பெட்டியைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு வேலியைச் சுற்றி வந்தார். தாழ்ந்த வண்டி என்றால் என்ன என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிங் சாலையும் ஸ்டோரி சாலையும் சேரும் இடம் லோரைடர் என்னும் தாழ்த்திய வண்டிகளுக்குப் பேர்போனது, அந்த வண்டிகளுக்கான பத்திரிகையே 1977இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. காசு இல்லாத காலத்தில் டிக்கியில் மணல் மூட்டை போட்டு வண்டியைத் தாழ்த்துவார்கள் என்றார். என் வண்டியில் மீதமிருந்த உரமூட்டைகளைக் காட்டி, "நீயும் அதைத்தானே செய்திருக்கிறாய்" என்று சிரித்தார். 1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது, சக்கரத்தின் ரிம்முக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று. அதற்குப் பதிலடியாக 1959இல் ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பொருத்தினார், ஓட்டும்போது தாழ்த்து, போலீஸ் தெரிந்தால் தூக்கு. அந்தச் சட்டம் அறுபது வருடத்துக்கு மேல் புத்தகத்தில் இருந்து, 2024 ஜனவரி 1 முதல்தான் நீங்கியது. தெருவில் மெதுவாக ஊர்வலம் போக ஊர்கள் விதித்திருந்த தடையும் அதோடு போயிற்று. சான் ஹோசே அந்தத் தடையை 2022லேயே எடுத்துவிட்டது. பெரியவர் இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாலிபத்தில் அதற்காக அபராதம் கட்டியவர் அவர்.

வேலைக்கு வருவோம். சமதளமான கராஜ் தரை, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. அடிச்சட்டத்தைத் தூக்கி, பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட். ஆக்சிலின் நடுக்குண்டைப் பெரியவரின் ஃப்ளோர் ஜாக் தாங்கி நின்றது. சக்கரங்களைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், ஸ்வே பார் இணைப்பு, குறுக்குக் கம்பியின் ஆக்சில் பக்க போல்ட், இவற்றை எடுத்தோம். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பிரேக் ஹோசையும் ஏபிஎஸ் ஒயரையும் பிடித்திருக்கும் கிளிப்புகளை விடுவிக்காமல் ஆக்சிலை இறக்கினால் அவை இழுபட்டு அறும். நான் ஜாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க, பெரியவர் படுத்தபடி ஹோசையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிட்டது, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸ்சரே வேண்டியிருக்கவில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி வைத்து அம்மா கையால் அளந்தார், இரண்டு விரல்கடைக்கு மேல் வித்தியாசம். மேலே இருக்கும் ரப்பரைப் புது ஸ்பிரிங்குக்கு மாற்றி, சுருளின் நுனி அதற்கான பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் ஏற்றினோம். வண்டி புதிது, போல்ட்டில் துரு இல்லை, அதனால் நான்கு மணி நேரத்தில் முடிந்தது.

அப்புறம்தான் நான் செய்த தவறு. சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழு இறுக்கம் இறுக்கிவிட்டேன். பெரியவர் சாப்பிடப் போயிருந்தார், நான் காத்திருக்கவில்லை. அந்தக் கம்பிகளின் முனைகளில் ரப்பர் புஷ் இருக்கிறது, போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அந்த நிலையில் அது பிடித்துக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு வாரம் ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் பழைய கட்டில் மாதிரி முனகல், பின்பக்கம் விறைப்பாக இருந்தது, அளந்தால் முக்கால் அங்குலம் கூடுதல் உயரம். குட்டை ஸ்பிரிங் போட்டாலே சவாரி இப்படித்தான் என்று நினைத்து மனம் விட்டுப்போனது. பெரியவர் கேட்ட முதல் கேள்வியே, "தரையில் நிற்கும்போது இறுக்கினாயா?" மறுநாள் வண்டி சொந்தக் காலில் நிற்க, அடியில் புகுந்து எல்லா போல்ட்டையும் தளர்த்தினேன். ஒரு போல்ட்டைத் தளர்த்தியபோது டக் என்று ரப்பர் விடுபட்ட சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பின்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினேன். முனகல் அன்றோடு போயிற்று, பின் வளைவு 38½இல் வந்து நின்றது. இந்த ஒரு பத்திக்காகவாவது இந்த வேலையைச் செய்யப் போகிறவர் யாராவது இதைப் படித்தால் போதும்.

எலுமிச்சம்பழம்? வைத்த இடத்திலேயே நின்றது. அம்மா இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்.

இறக்கியதால் வேறு சில விஷயங்கள் கூடவே வரும். முதலில் ஹெட்லைட். பின்பக்கம் 2 அங்குலம் இறங்கினால் மூக்கு அந்த அளவுக்கு நிமிரும், 25 அடி தூரத்துச் சுவரில் வெளிச்சம் 4 அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் எதிரில் வருகிறவர் கண் கூசும். வேலைக்கு முன்னாலேயே கராஜ் கதவிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, வெளிச்சத்தின் மேல் விளிம்பில் டேப் ஒட்டி வைத்திருந்தேன், முடிந்ததும் விளக்கின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி அதே கோட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவும் அதே அளவு நிமிர்ந்துவிட்டது, அதை வைத்துத்தான் வண்டி தானாகப் பிரேக் போடுவதெல்லாம், அதனால் கடையில் கொடுத்து மறுபடி அளவு வைக்கச் சொன்னேன். முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வும் (காஸ்டர் கோணம்) கொஞ்சம் கூடும், அலைன்மென்ட் பார்த்தாயிற்று. குறுக்குக் கம்பியின் ஒரு முனை அடிச்சட்டத்திலும் மறுமுனை ஆக்சிலிலும் இருப்பதால், வண்டி இறங்கும்போது ஆக்சில் ஒரு பக்கமாக நகரும். எனக்கு கால் அங்குலம் நகர்ந்திருந்தது, நீளத்தை மாற்றிக்கொள்ளும் கம்பி ஒன்று வாங்கிச் சரிசெய்தேன். டிரெய்லர் இழுப்பவர்கள் அதை மாட்டும் குண்டைத் தாங்கும் பால் மவுன்ட்டையும் உயரமாக மாற்ற வேண்டும், கொக்கியும் சேர்ந்து இறங்கியிருக்குமே.

பாரம்தான் பெரிய கேள்வி. ஸ்பிரிங் குட்டையானதால், ஆக்சில் அடிச்சட்டத்தில் மோதாமல் தடுக்கும் முட்டான பம்ப் ஸ்டாப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருந்த இடம் பாதியாகக் குறைந்துவிட்டது. குட்டையான பம்ப் ஸ்டாப் போட்டிருக்கிறேன், ஆனாலும் 800 பவுண்டு ஏற்றினால் வால் முன்பக்கத்தைவிட இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாழ்ந்துவிடும். அது ஆபத்து. வேண்டுமென்றே வாலைத் தாழ்த்தி மூக்கைத் தூக்கி ஓட்டும் மோகம் ஒன்று அமெரிக்காவின் தெற்கில் பரவியிருக்கிறது, கரோலினா ஸ்குவாட் என்பார்கள். ஓட்டுகிறவருக்குப் பானட்டுக்கு முன்னால் நிற்கும் குழந்தை தெரியாது. முன் ஃபெண்டர் பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயரமாக இருக்கக் கூடாது என்று வட கரோலினா கொண்டுவந்த சட்டம் 2021 டிசம்பரில் அமலுக்கு வந்தது, வர்ஜீனியாவும் தென் கரோலினாவும் பின்தொடர்ந்தன. மிகச் சரியான சட்டம். பாரம் ஏற்றும் நாளிலும் என் வண்டி அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். அதனால் ஸ்பிரிங் கழற்றிய அன்றே, தாழ்த்திய ஸ்பிரிங்குக்குப் பொருந்தும் குட்டையான காற்றுப்பைகளை உள்ளே வைத்துவிட்டோம். காலியாக இருக்கும்போது 5 பிஎஸ்ஐ, மூட்டை ஏற்றும்போது 25 வரை ஏற்றுவேன், சைக்கிள் பம்ப் போதும். இதனால் வண்டி கூடுதல் எடை தாங்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன எடை போட்டிருக்கிறதோ அதுதான் எல்லை, காற்றுப்பை மட்டத்தை மட்டும்தான் காக்கும்.

வாரன்டி போய்விடுமே என்று மனைவிக்குக் கவலை. 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி வேறு கம்பெனிப் பாகம் போட்டதற்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்ய முடியாது, அந்தப் பாகத்தால் வந்த பழுதை மட்டும்தான் மறுக்கலாம். நாளைக்கு பின் ஷாக் போனால் அது என் செலவு. பழைய ஸ்பிரிங்குகளை இடது, வலது என்று எழுதி, கழற்றிய தேதியும் போட்டுக் கராஜ் பரணில் வைத்திருக்கிறேன்.

இப்போது தினமும் காலையில் தோட்டத்துக்குப் போனதும் அம்மா ஒரு சின்ன முக்காலியில் கால் வைத்து டெயில்கேட்டில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார், என் கையைப் பிடிப்பதில்லை. உட்கார்ந்தபடியே தட்டுகளை உள்ளே தள்ளுகிறார், பறித்த அவரையை மடியில் போட்டு நார் உரிக்கிறார். நேற்று, "இன்னொரு ரெண்டு விரக்கடை எறக்கினா முக்காலியே வேண்டாம், பாரு கண்ணு" என்றார். டார்ச் அடித்து பம்ப் ஸ்டாப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் மீதமிருக்கும் இடத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், விரலை வைத்து அளந்தார், "செரி, இது பாரம் ஏறுனா முட்டும், விட்ரு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்து அவரையை எடுத்துக்கொண்டார்.